அட்லாண்டாவில் குழந்தை குட்டிகளோடு எங்கே போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்லாண்டாவுக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை வார இறுதியில் எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் விழிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கட்டணமும் நேரமும் அடிக்கடி மாறும். கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

ஜார்ஜியா அக்வேரியம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. ஹோம் டிப்போ நிறுவனர்களில் ஒருவரான பெர்னி மார்கஸ் 25 கோடி டாலர் கொடுத்துக் கட்டிய இந்த மீன்காட்சியகம் 2005 நவம்பரில் திறந்தது. சில ஆண்டுகள் உலகத்திலேயே பெரியது என்ற பெயரும் இதற்கு இருந்தது. இங்கே திமிங்கலச் சுறா நீந்தும் தொட்டியில் மட்டும் 63 லட்சம் கேலன் தண்ணீர். முதலில் வந்த சுறாக்களைத் தைவானிலிருந்து சரக்கு விமானத்தில் கொண்டுவந்தார்கள்.

எல்லோரும் 100 அடி நீளக் கண்ணாடிச் சுரங்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம். சுரங்கத்தைத் தாண்டியதும் 61 அடி அகலம், 23 அடி உயரத்தில் ஒரு பெரிய ஜன்னல் வரும். அதன் கனமே 2 அடி. அங்கே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். மந்தா திருக்கை தலைக்கு மேல் ஒரு முறை புரண்டு, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். கொஞ்சம் பொறுத்தால் திமிங்கலச் சுறா தொட்டியை ஒரு சுற்று முடித்துத் திரும்பவும் உங்கள் முன்னால் வரும். அதன் முதுகுப் புள்ளிகளை எண்ணச் சொன்னால் மூன்று வயதுக் குழந்தைகூட கால் மணி நேரம் அசையாமல் இருக்கும்.

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள், விலை தேதிக்குத் தேதி மாறும். சனிக்கிழமை மதியத்தைத் தவிர்த்தால் பாதி நிம்மதி.

பக்கத்திலேயே கோகோ கோலா மியூசியம் இருக்கிறதே, அதையும் சேர்த்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1886ல் ஜான் பெம்பர்டன் என்ற மருந்தாளர் கோகோ கோலாவை உருவாக்கியது இந்த ஊரில்தான், அதனால் ஊருக்கே அதில் ஒரு பெருமை. முன்பாதி முழுக்க விளம்பரப் பழம்பெருமை. பிள்ளைகள் காத்திருப்பது பல நாட்டுப் பானங்களைக் குடித்துப் பார்க்கும் கடைசி அறைக்குத்தான். இத்தாலியின் ‘பெவர்லி’யை ஒரு வாய் குடிக்கவைத்து முகம் போகிற போக்கைப் பார்ப்பது இங்கே எல்லாக் குடும்பங்களிலும் நடக்கும் சடங்கு. வேப்பங்கொழுந்து அளவுக்குக் கசக்கும். இத்தனை சர்க்கரையும் உள்ளே போன பிறகு பிள்ளைகளை வேறெங்கும் கூட்டிப்போக நினைக்காதீர்கள்.

இடையில் எதிரே இருக்கும் சென்டென்னியல் ஒலிம்பிக் பூங்காவில் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். 1996 ஒலிம்பிக்குக்காக அமைத்த பூங்கா. அங்கே ஒலிம்பிக் வளையங்களின் வடிவத்தில் தரையிலிருந்து பீறிடும் நீரூற்று இருக்கிறது, கோடையில் குழந்தைகள் அதில் குதித்து ஆடுவார்கள். மாற்றுத் துணியும் துண்டும் அவசியம்.

உயிரியல் பூங்காவில் பாண்டா இருக்கிறதா?

இப்போது இல்லை. 1999ல் வந்த லுன் லுன், யாங் யாங் ஜோடியும் கடைசிக் குட்டிகளும் 2024 அக்டோபரில் சீனாவுக்குத் திரும்பிவிட்டன. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பாண்டா போனாலும் கொரில்லாக்களுக்காகப் போகலாம். வில்லி பி. என்ற கொரில்லா இங்கே 27 ஆண்டுகள் கட்டடத்துக்குள்ளேயே தனியாக அடைபட்டிருந்தது. 1988ல்தான் முதன்முதலாக வெளியே புல்தரையில் கால்வைத்தது. அதன் பிறகு ஜோடி சேர்ந்து குட்டிகளும் போட்டது. ஊர் மேயர் வில்லியம் பி. ஹார்ட்ஸ்ஃபீல்டின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள், விமான நிலையத்தின் பெயரிலும் அதே மேயர் இருக்கிறார். கொரில்லா இருப்பிடத்தின் முன்னால் நிற்கும்போது இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், விலங்குக் காட்சிசாலை எப்படி மாறியிருக்கிறது என்பது அவர்களுக்கே புரிந்துவிடும்.

காசு அதிகம் செலவழிக்காமல் எப்படி?

நான்கு பேர் குடும்பம் ஒரு நாள் வெளியே போனால் டிக்கெட், பார்க்கிங், சாப்பாடு என்று பணம் தண்ணீராகக் கரையும். ஆனால் இந்த ஊரில் நல்ல இடங்களில் பாதி இலவசம் அல்லது கிட்டத்தட்ட இலவசம்.

முதல் வேலையாக உங்கள் மாவட்ட நூலகத்தில் உறுப்பினராகுங்கள். ஜார்ஜியாவின் பொது நூலகங்கள் புத்தகத்தைப் போலவே அனுமதிச் சீட்டுகளையும் இரவல் கொடுக்கின்றன: மாநிலப் பூங்காக்களுக்கான பார்க்கிங் பாஸ், உயிரியல் பூங்காவுக்கான குடும்பப் பாஸ் இப்படி. கோடை விடுமுறையில் கிராக்கி அதிகம் என்பதால் முன்பதிவு செய்துவிடுங்கள். பல வருடம் இங்கே இருப்பவர்களுக்கே இது தெரியாது என்பதுதான் வேடிக்கை.

வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த ஒரு கல்வியாண்டுக்குத் தேசியப் பூங்காக்களில் இலவச அனுமதிச் சீட்டு கிடைக்கும். இங்கே சட்டஹூச்சி ஆற்றங்கரைப் பூங்காக்களின் பார்க்கிங் கட்டணத்துக்கும் அது செல்லும். ஹை கலை அருங்காட்சியகத்தில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று அனுமதி இலவசம், குழந்தைகளுக்கான வேலைப்பாடுகளும் அன்று இருக்கும். டிகாட்டூர் பக்கம் ஃபெர்ன்பேங்க் சயன்ஸ் சென்டர் என்று பள்ளிக்கல்வித் துறை நடத்தும் சின்ன மையம் ஒன்று இருக்கிறது. விண்வெளிக்குப் போய்வந்த அப்பல்லோ 6ன் கலம் அங்கே நிற்கிறது, காட்சிகளைப் பார்க்கக் காசு கிடையாது, கோளரங்கத்துக்கு மட்டும் கட்டணம். டைனோசர் எலும்புக்கூடு இருக்கும் ஃபெர்ன்பேங்க் மியூசியம் வேறு, அதற்கு டிக்கெட் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் வழிகாட்டியில் தவறான இடத்தைப் போட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் ஏராளம்.

பீட்மான்ட் பூங்காவைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. அங்கே 1976ல் சிற்பி இசாமு நொகுச்சி வடிவமைத்த விளையாட்டுத் திடல் இருக்கிறது. சறுக்குமரம், ஊஞ்சல் எல்லாமே சிற்பம். பிள்ளைகளுக்கு அந்த விவரம் எல்லாம் வேண்டாம், ஏறிச் சறுக்கினால் சரி.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

நகரின் மையப்பகுதிக்கு மட்டும் முடியும். மார்ட்டா ரயில் விமான நிலையத்திலிருந்து டவுன்டவுன், மிட்டவுன் வழியாக வடக்கே நார்த் ஸ்பிரிங்ஸ், டோராவில் வரை போகிறது. ஒரு பயணம் 2.50 டாலர், 46 அங்குலத்துக்குக் குறைவான குழந்தைகள் பெரியவர் ஒருவருக்கு இருவர் வரை இலவசம். ஆல்ஃபரெட்டா, கம்மிங் பக்கம் இருப்பவர்கள் நார்த் ஸ்பிரிங்ஸில் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலேறுவது உத்தமம். 400ஆம் சாலை நெரிசலும் மிச்சம், டவுன்டவுன் பார்க்கிங் காசும் மிச்சம்.

பீச்ட்ரீ சென்டர் நிலையத்தில் இறங்கினால் இன்னொரு லாபம். பூமிக்கடியில் ஆழத்தில், பாறையைக் குடைந்து கட்டியது அது. சுவரைப் பூசாமல் பாறையை அப்படியே விட்டிருக்கிறார்கள். மேலே வரும் எஸ்கலேட்டர் ஏற ஏற முடியவே முடியாது. சில குழந்தைகளுக்கு அக்வேரியத்தைவிட இதுதான் நினைவில் நிற்கும்! ஒலிம்பிக் பூங்காவிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் நினைவிடம் வரை ஒரு டிராமும் ஓடுகிறது. புறநகருக்கு மட்டும் கார் இல்லாமல் வழியில்லை.

கிங் நினைவிடம் சின்னப் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா?

ஆறேழு வயதுக்கு மேல் என்றால் கட்டாயம் கூட்டிப்போங்கள். அனுமதி இலவசம். அவர் பிறந்த தெரு, அவரும் அவர் தந்தையும் போதித்த எபினேசர் தேவாலயம், நீர்த்தடாகத்தின் நடுவில் அவரும் மனைவி கொரெட்டாவும் துயிலும் கல்லறை எல்லாம் நடக்கும் தூரத்தில். பிறந்த வீட்டைப் பழுதுபார்ப்பதற்காக 2023 இறுதியில் மூடினார்கள், உள்ளே விடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு போங்கள். வளாகத்தில் காந்தி சிலை நிற்கிறது. 1959ல் இந்தியா வந்த கிங் தெற்கே கன்னியாகுமரி வரை போய்வந்தவர். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கு இதைச் சொன்னால் அந்த இடம் சட்டென்று நெருக்கமாகிவிடும். சின்னவர்கள் சலித்துக்கொண்டால் பக்கத்திலேயே பழைய தீயணைப்பு நிலையம் ஒன்று மியூசியமாக இருக்கிறது. உள்ளே சிவப்பு வண்டி!

இதே ஊரில் இருக்கும் சிவில் உரிமைகள் மையம் கனமானது. உணவக மேசையில் உட்கார்ந்து, அன்று உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய கறுப்பினத்தவர் வாங்கிய வசவுகளை ஹெட்ஃபோனில் கேட்கும் பகுதி பெரியவர்களையே உலுக்கிவிடும். பதின்ம வயதுக்கு முன் வேண்டாம் என்பது என் கருத்து.

ஸ்டோன் மவுன்டன் மலையேற்றம் கஷ்டமா? அந்தச் சிற்பத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

ஏற்றம் ஒரு மைல்தான். முதல் முக்கால் பகுதி சாதாரண நடை, கடைசியில்தான் செங்குத்து. அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைகள் சர்வசாதாரணமாக ஏறுவார்கள், மூச்சு வாங்குவது நமக்குத்தான். மழை பெய்த ஈரம் காயாமல் ஏறாதீர்கள், மொட்டைப் பாறை வழுக்கும். ஜூலையில் பத்து மணிக்கு மேல் பாறை அடுப்பாகக் கொதிக்கும். விடியற்காலையில் ஏறினால் உச்சியிலிருந்து அட்லாண்டாவின் கட்டடங்கள் ஒரு பக்கம் பளபளக்கும், மற்ற மூன்று பக்கமும் வெறும் காடு. இத்தனை பெரிய நகரம் மரத்துக்குள் மறைந்து கிடப்பது அங்கே நின்றால்தான் தெரியும். முடியாதவர்களுக்குக் கேபிள் கார் உண்டு.

சிற்பத்தில் குதிரைமேல் இருக்கும் மூவர் ஜெஃபர்சன் டேவிஸ், ராபர்ட் லீ, ஸ்டோன்வால் ஜாக்சன். அடிமைமுறையைக் காப்பாற்றப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர்கள். 1915ல் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு மறுபடி உயிர்பெற்றதும் இதே மலை உச்சியில்தான். சிற்பம் முடிந்தது 1972ல், அதாவது சிவில் உரிமைச் சட்டங்கள் வந்ததற்கும் பிறகு. இதனால் இந்த மலைக்கு வரவே மாட்டேன் என்பவர்களும் உண்டு, தினமும் காலையில் ஏறி இறங்கும் கறுப்பினக் குடும்பங்களும் உண்டு. கிங் தன் 1963ஆம் ஆண்டு வாஷிங்டன் உரையில் இந்த மலையின் பெயரைச் சொல்லியே விடுதலை ஒலிக்கட்டும் என்றார். பிள்ளைகள் கேட்டால் இதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. அவர்கள் பள்ளியில் எப்படியும் படிக்கப்போகிறார்கள்.

அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது.

தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். பீட்மான்ட் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. பாதைகள் சமதளம், நிழல் இருக்கிறது, உட்கார இடமும் நிறைய. 25 அடி உயரத்தில் செடிகளாலேயே வளர்த்த ‘பூமித்தாய்’ உருவம் ஒன்று நீரில் கைநீட்டி அமர்ந்திருக்கும். அதன் முன்னால் நம் பெற்றோர் எடுத்துக்கொள்ளாத படமே கிடையாது. மரங்களின் கிளை உயரத்தில், தரையிலிருந்து 40 அடி மேலே 600 அடி நீளத்துக்கு ஒரு நடைபாலம் போகிறது, படிக்கட்டு ஏறத் தேவையில்லை. டிசம்பரில் பூங்கா முழுக்க விளக்கு அலங்காரம் செய்வார்கள். குளிரத்தான் செய்யும், மஃப்ளரோடு போகலாம்.

கோயில் என்றால் ரிவர்டேலில் வெங்கடேஸ்வரர் கோயில், அதே வளாகத்தில் சிவன் கோயில். விமான நிலையத்துக்குத் தெற்கே இருப்பதால் பெற்றோரை வழியனுப்பும் நாளில் சேர்த்துக்கொள்ள வசதி. லில்பர்னில் 2007ல் திறந்த சுவாமிநாராயண் மந்திர் துருக்கிச் சுண்ணாம்புக்கல், இத்தாலியப் பளிங்கு, இந்திய மணற்கல்லில் செதுக்கியது. முழங்கால் தெரியும் அரைக்கால் சட்டையோடு உள்ளே விட மாட்டார்கள், பேரனுக்கு முழுக்கால் சட்டை போட்டுவிடுங்கள்.

மழை நாளில்?

இரண்டு யோசனை போதும். ஒன்று, மிட்டவுனில் இருக்கும் பொம்மலாட்ட மையம். 1978ல் திறந்தபோது ரிப்பன் வெட்டியவர்கள் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனும் அவருடைய கெர்மிட் தவளைப் பொம்மையும். ஹென்சன் குடும்பம் கொடுத்த பொம்மைகளின் பெரிய சேகரிப்பு இப்போது அங்கே இருக்கிறது. ஆட்டத்தைப் பார்த்த பிறகு குழந்தைகளே காகிதமும் குச்சியும் வைத்து ஒரு பொம்மை செய்து, அதை ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு வரலாம். நம் ஊர்த் திருவிழாவில் பொம்மலாட்டமும் தோல்பாவைக்கூத்தும் பார்த்த பெரியவர்களுக்கும் பிடிக்கும். சின்னக் குழந்தைகளை வைத்திருப்பவர்களுக்கு அக்வேரியத்துக்கு அடுத்தபடி நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, கார்ட்டர்ஸ்வில்லில் இருக்கும் டெல்லஸ் அறிவியல் மியூசியம். வடக்கே முக்கால் மணி நேர ஓட்டம். மணலைச் சலித்து மினுங்கும் கற்களைப் பொறுக்கும் இடத்திலிருந்து பிள்ளைகளைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆற்றில் ரப்பர் வளையத்தில் மிதக்கிறார்களே, குழந்தைகளோடு போகலாமா?

போகலாம், ஆனால் விளையாட்டுத்தனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டஹூச்சியில் மிதப்பது இங்கே கோடைகாலப் பழக்கம். நூறு டிகிரியை நெருங்கும் வெயிலிலும் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும், ஏனென்றால் பியூஃபர்ட் அணையின் அடியாழத்துத் தண்ணீரைத்தான் திறந்துவிடுகிறார்கள். அணை திறந்தால் ஆறு சில நிமிடங்களில் ஏறிவிடும். அணைக்குக் கீழே சங்கு ஊதும், கேட்டதும் கரையேறிவிட வேண்டும். அன்றைய திறப்பு நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள். மிதவையிலோ படகிலோ போகும் 13 வயதுக்கு உட்பட்டவர்கள் உயிர்காப்புச் சட்டை போட வேண்டும் என்பது ஜார்ஜியா சட்டம். நீச்சல் தெரிந்த பெரியவர்களும் போட்டுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தண்ணீர் பயம் இருந்தால் ராஸ்வெல்லில் விக்கரி கிரீக் பக்கம் போய் பழைய ஆலை அணையின் வழிந்தோடும் அருவியைப் பார்த்துவிட்டு வாருங்கள். மூடிய மரப்பாலம் தாண்டிக் காட்டுப் பாதை.

கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாது. பேஸ்பால் ஆட்டத்துக்குப் போனால் போரடிக்குமா?

அடிக்காது. பந்தெறிய நேரக்கட்டுப்பாடு வந்த 2023க்குப் பிறகு ஆட்டம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு டி20 பார்க்கும் நேரம்கூட ஆகாது. பிரேவ்ஸ் அணியின் டிரூயிஸ்ட் பூங்காவில் ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் குழந்தைகளை மைதானத்தில் இறக்கி ஓடவிடுவார்கள். ஒரு கேலன் அளவுள்ள ஒளி ஊடுருவும் பையில் வெளிச் சாப்பாடு கொண்டுபோக விடுகிறார்கள் என்பதால் புளியோதரை உள்ளே போகும். ரயில் கிடையாது, பார்க்கிங்கை முன்பதிவு செய்யாமல் போனால் அவதி. சும்மா ருசி பார்க்க என்றால் க்வின்னெட் ஸ்டிரைப்பர்ஸ் என்ற இளநிலை அணியின் ஆட்டம் போதும்: டிக்கெட் மலிவு, மைதானம் சிறியது, பந்து பக்கத்திலேயே விழும்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் எதற்கும் வர மாட்டேன் என்கிறார்களே?

பெல்ட்லைனுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். பழைய ரயில் தடங்களை 22 மைல் வளையமாக நடைபாதையாக்கும் திட்டம். 1999ல் ஜார்ஜியா டெக் மாணவர் ரயன் கிராவல் எழுதிய முதுகலை ஆய்வேட்டில் பிறந்த யோசனை இது. கிழக்குப் பக்கம் சைக்கிளில் போனால் சுவரோவியங்கள், ஸ்கேட் பூங்கா, 1926ல் சியர்ஸ் நிறுவனம் கட்டிய ராட்சதக் கட்டடத்தில் இருக்கும் பான்ஸ் சிட்டி மார்க்கெட் என்ற கடை வளாகம். நீங்கள் பத்தடி பின்னால் வர வேண்டும் என்பது மட்டும் எழுதாத ஒப்பந்தம்.

செப்டம்பர் லேபர் டே வார இறுதியில் டிராகன் கான் என்ற அறிவியல் புனைவு, மாயக்கதை ரசிகர் மாநாட்டின் ஊர்வலம் டவுன்டவுனில் நடக்கும். சனிக்கிழமை காலை, பார்க்க இலவசம். ஆயிரக்கணக்கில் வேடம் கட்டிக்கொண்டு வருவார்கள். சிக்ஸ் ஃபிளாக்ஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதானால், மாலை 4 மணிக்கு மேல் 15 வயது வரையுள்ளவர்களோடு 21 வயது நிரம்பிய ஒருவர் இருந்தாக வேண்டும். வாசலில் இறக்கிவிட்டு வரும் யோசனை நடக்காது.

சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி?

டிகாட்டூர் இந்தியக் கடைத்தெருவோ ஆல்ஃபரெட்டா பக்கமோ போனால் தோசைக்குக் குறைவில்லை. வெளியே சாப்பிடும்போதுதான் கவனம். தென்மாநிலச் சமையலில் கீரை, பீன்ஸ் எல்லாம் காய்கறிப் பட்டியலில் இருக்கும், ஆனால் பன்றிக்கறித் துண்டு போட்டுத்தான் பெரும்பாலும் வேகவைப்பார்கள். ‘இறைச்சி இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்றுகூட பதில் வரலாம். ‘பன்றிக்கறியோடு வேகவைத்ததா’ என்று கேளுங்கள். பீச் பழத்தின் மேல் மாவு வைத்துச் சுடும் காப்ளர் என்ற இனிப்பைப் பெரும்பாலும் தைரியமாகச் சாப்பிடலாம்.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பூக்கள் அழகுதான், ஆனால் பைன் மகரந்தம் கார்மேல் மஞ்சள் பொடியாகப் படியும், மூக்கு ஒழுகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெளியே சுற்றுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், பிற்பகலில் இடி மின்னல் சொல்லாமல் வரும்.

இலையுதிர் காலத்தில் வடக்கே எல்லிஜேயில் ஆப்பிள் பறிக்கலாம், அங்கிருந்து அமிகலோலா அருவி பக்கம்தான். 729 அடி உயரம், 604 படி. முழங்கால் வலி இருப்பவர்களுக்கு மேற்குப் பக்கத்தில் மெத்தென்ற சமதளப் பாதை ஒன்று அருவியின் நடுப்பகுதிப் பாலத்துக்கே கொண்டுபோய் விடும். போகும் வழியில் பெரிய அண்டாவில் உப்புப் போட்டு வேகவைத்த பச்சை வேர்க்கடலை விற்பார்கள். தோலோடு சுடச்சுட, சாறு சொட்டச் சொட்ட. அப்பா வண்டியை நிறுத்தச் சொல்வார்.

இரவில் குடும்பத்தோடு போக ஏதாவது?

ஸ்டார்லைட் ட்ரைவ்-இன். 1949லிருந்து நடக்கும் திறந்தவெளித் திரையரங்கு. காரிலேயே உட்கார்ந்து பார்க்கலாம், ஒலி காரின் எஃப்எம் ரேடியோவில் வரும். குழந்தை அழுதால் யாரும் முறைக்க மாட்டார்கள். போர்வை, கொசு மருந்து, இருட்டும் முன்னால் கொஞ்சம் சீக்கிரம் போய் இடம்பிடிக்கும் பொறுமை, இவை மூன்றும் வேண்டும்.